கதை எழுத ஒரு பட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் படைப்பெழுத்துக்கு வழங்கும் எம்.எஃப்.ஏ. என்ற முதுகலைப் பட்டத்தைப் பற்றி நான்கு வரிக் குறிப்பு ஒன்று எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒருமுறை மட்டும் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: எழுத்து பிறவியில் வருவது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கதை எழுதுவதற்குப் பட்டம் கொடுக்கலாம் என்ற எண்ணம் யாருக்கு, எப்போது தோன்றியது? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்)

பதில்: இந்தப் படிப்பின் தாய்வீடு என்று சொல்லத்தக்க அயோவா எழுத்தாளர் பட்டறையே உங்கள் கட்சிதான் என்றால் வியப்பீர்கள். எழுத்தைக் கற்பிக்க முடியாது, எழுதுபவர்களுக்கு ஊக்கம் தர மட்டுமே முடியும் என்று அந்தப் பட்டறை தன்னைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. தன்னிடம் படித்தவர்கள் பெற்ற புகழுக்கு, அவர்கள் இங்கே கற்றுக்கொண்டதைவிட வரும்போதே கொண்டுவந்ததுதான் பெரிய காரணம் என்றும் அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. மாணவர்களைச் சேர்க்க விரும்பும் ஒரு கல்விக்கூடம் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவது அபூர்வம்.

மக்காச்சோள வயல்கள் சூழ்ந்த அயோவா மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில், பட்டமேற்படிப்புகளுக்குத் தலைவராக இருந்த கார்ல் சீஷோர் என்ற உளவியலாளர், ஆராய்ச்சி ஏட்டுக்குப் பதிலாகப் படைப்பு ஒன்றைக் கொடுத்தும் மேற்பட்டம் பெறலாம் என்று 1922இல் அறிவித்தார். பட்டறையை முறையாகத் தொடங்கியவர் வில்பர் ஷ்ராம், ஆண்டு 1936. (இதழியல் மாணவர்கள் தகவல் தொடர்புப் பாடத்தில் சந்திக்கும் ஷ்ராம் இவரேதான்.) ஆனால் அதை ஒரு பெரிய நிறுவனமாக வளர்த்தவர், 1941 முதல் 1965 வரை தலைமை வகித்த கவிஞர் பால் எங்கிள். ஊர் ஊராகப் போய், இலக்கியத்தோடு எந்த ஒட்டுறவும் இல்லாத வணிகர்களிடம் பேசிப் பணம் திரட்டுவதில் அவர் மன்னர்.

அவருடைய முயற்சிக்கு உலகப் போரும் ஒரு வகையில் கைகொடுத்தது. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1944இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. சொல்வதற்குக் கதையும் கையில் உதவித்தொகையுமாக வந்த அந்த வீரர்களால் வகுப்புகள் நிரம்பின. போதிய கட்டடம் இல்லாமல், ஆற்றங்கரையில் போட்டிருந்த இராணுவக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. அயோவாவில் படித்த வாலஸ் ஸ்டெக்னர், 1946இல் ஸ்டான்ஃபோர்டில் இதேபோன்ற ஒன்றைத் தொடங்கினார். இப்படி ஒன்று பலவாகி, 1975இல் ஐம்பதை ஒட்டி இருந்த இத்தகைய படிப்புகளின் எண்ணிக்கை 2004இல் 350ஐத் தாண்டிவிட்டதாக மார்க் மெக்கர்ல் என்ற ஆய்வாளர் கணக்கிட்டிருக்கிறார். போருக்குப் பிந்திய அமெரிக்கப் புனைகதையைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தப் படிப்பைப் புரிந்துகொண்டாக வேண்டும் என்பது 2009இல் வந்த அவருடைய நூலின் வாதம். அதை மறுத்தவர்கள் உண்டு; ஆனால் அதைப் புறக்கணித்துவிட்டு இப்போது யாரும் இந்தப் பொருளைப் பற்றிப் பேசுவதில்லை.

கேள்வி: வகுப்பில் என்னதான் நடக்கிறது? யாப்பிலக்கணம்போலக் கதைக்கும் விதிகள் சொல்லிக்கொடுப்பார்களா? (முதுகலை மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: விதி சொல்லிக்கொடுப்பது குறைவு. ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த வாரம் யாருடைய முறையோ அவருடைய கதையின் படி எல்லாருக்கும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்திருக்கும்; அதை வாசித்து, பக்க ஓரங்களில் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் பேசுவார்கள். கதையை எழுதியவர் மட்டும் வாய் திறக்கக் கூடாது என்பது நெடுங்கால வழக்கம். புத்தகம் அச்சாகிக் கைமாறிய பிறகு வாசகரின் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்ல எழுத்தாளரால் முடியாதல்லவா, அதற்கான பழக்கம் இது என்று நியாயம் சொல்வார்கள்.

இந்த வழக்கத்தை இப்போது பலர் கேள்வி கேட்கிறார்கள். கொரிய வம்சாவளி எழுத்தாளரான மேத்யூ சலேசஸ் 2021இல் வெளியிட்ட நூலில், பேசுகிற பதினொரு பேரும் ஒரே பண்பாட்டிலிருந்து வந்தவர்களாகவும் மௌனமாக இருக்கிற ஒருவர் வேறு பண்பாட்டிலிருந்து வந்தவராகவும் இருந்தால் அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்று கேட்கிறார். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த இன்னொரு முறையில், தன் படைப்பைப் பற்றிய கேள்விகளைப் படைத்தவரே முன்வைக்கிறார்; மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொல்வதற்கு முன் அவருடைய அனுமதியைக் கேட்கிறார்கள். இது எனக்கு மேலான முறையாகத் தோன்றுகிறது.

பட்டறை வாரத்துக்குச் சில மணி நேரம்தான். மீதி நேரம் எழுதுவதற்கு என்பதுதான் படிப்பின் உள்ளடக்கம். பிரிட்டனில் கிழக்கு ஆங்கிலியப் பல்கலைக்கழகத்தில் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் 1970இல் தொடங்கிய ஓராண்டுப் படிப்பில் 1979இல் சேர்ந்த கசுவோ இஷிகுரோ, பல்கலைக்கழகத்திலிருந்து பத்து மைல் தள்ளி, ஒரு நாளைக்கு மூன்றே பேருந்து வரும் ஊரில் அறை எடுத்துத் தங்கினார். அது பெரிய தொல்லையாக இல்லை, ஏனென்றால் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் யாரும் தன்னை வரச்சொல்லவில்லை என்று நோபல் ஏற்புரையில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தச் சிற்றறையில் மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ ஓர் இரவில், தான் பிறந்த நாகசாகியைப் பற்றி எழுதத் தொடங்கினார். 1982இல் வெளிவந்த அவருடைய முதல் நாவல் அங்கிருந்துதான் கிளைத்தது. வகுப்பு கொடுத்தது என்ன, தனிமை கொடுத்தது என்ன என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்.

கேள்வி: ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதினால் எல்லாரும் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி எழுத மாட்டார்களா? (சென்னை, மயிலாப்பூர்)

பதில்: இது எண்பது ஆண்டுகளாக எழுப்பப்படும் குற்றச்சாட்டு. அதில் பாதி உண்மை என்பேன். உணர்ச்சியை நேராகச் சொல்லாமல் செயலில் காட்ட வேண்டும், உரிச்சொற்களைக் களைய வேண்டும், கருத்து எதையும் வெளிப்படையாகப் பேசக் கூடாது என்ற மூன்று அறிவுரைகள் அந்தக் காற்றிலேயே கலந்திருக்கின்றன. அவற்றுக்குக் கட்டுப்பட்டு எழுதிய, குற்றமும் இல்லாத உயிரும் இல்லாத கதைகள் அங்கே ஏராளம். அதே வேளையில், 1965 முதல் 1967 வரை அயோவாவில் கர்ட் வானகட் ஆசிரியர், ஜான் இர்விங் மாணவர். இருவர் நாவல்களையும் படித்தவர்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டது என்று சொல்ல மாட்டார்கள்.

நடையைவிட வடிவத்தைத்தான் பட்டறை அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு மாலைப்பொழுதில் பன்னிரண்டு பேர் முழுமையாகப் பேசி முடிக்கக் கூடியது சிறுகதை. நாவலின் நாற்பது பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதன் போக்கைப் பற்றிப் பயனுள்ளதாக ஒன்றும் சொல்ல முடியாது. அதனால் இரண்டாண்டுப் படிப்பு முடியும்போது மாணவர் கையில் சேர்ந்திருப்பது பெரும்பாலும் எட்டுப் பத்துச் சிறுகதைகள். முதல் நூலாக வருவதும் அதுதான். ஹுனோ டியாஸ் (1996), ஜும்பா லாஹிரி (1999), யீயுன் லீ (2005) மூவரும் இந்தப் பட்டம் பெற்றவர்கள். மூவரின் முதல் நூலும் சிறுகதைத் தொகுப்பு. பதிப்பகங்களோ நாவலைத்தான் எதிர்பார்க்கின்றன. தொகுப்பை வாங்கும்போதே அடுத்து எழுதப்போகும் நாவலுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுவிடுவது அங்கே சாதாரணம். பட்டறையில் பழகாத வடிவத்தை, பட்டறை முடிந்த பிறகு, முன்பணம் வாங்கிய நெருக்கடியில், தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டியாஸின் தொகுப்புக்கும் நாவலுக்கும் இடையில் பதினோரு ஆண்டுகள் கடந்தன.

கேள்வி: இந்தப் படிப்பு ஒருவருடைய எழுத்து வாழ்க்கையை உண்மையாகவே மாற்றியதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம். (வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: ஃபிளானரி ஓ'கானர். 1945இல், இருபது வயதில், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து இதழியல் படிப்பதற்காக அயோவாவுக்கு வந்தவர். ஒரு நாள் பால் எங்கிளின் அறைக்குப் போய் அவர் ஏதோ சொல்ல, அந்தத் தெற்கத்திப் பேச்சு எங்கிளுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. சொல்வதை எழுதிக் காட்டும்படி ஒரு தாளை நீட்டினார். தன் பெயரையும், தான் இதழியலாளர் அல்ல என்பதையும், பட்டறையில் சேரலாமா என்ற கேள்வியையும் ஓ'கானர் அதில் எழுதினார். வகுப்பிலும் அவர் அதிகம் பேசியதில்லை. அவருடைய கதைகளை எங்கிளே வாசித்துக் காட்டுவார்.

1947இல் ஆறு கதைகளைப் பட்டத்துக்கான ஏடாகக் கொடுத்து எம்.எஃப்.ஏ. பெற்றார். அதே ஆண்டு, எழுதிக்கொண்டிருந்த நாவலின் தொடக்கப் பகுதிக்காக, ரைன்ஹார்ட் பதிப்பகம் பட்டறையோடு சேர்ந்து வழங்கிய 750 டாலர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசோடு, நாவலை வெளியிடும் முதல் உரிமை அந்தப் பதிப்பகத்துக்குப் போனது. 1948இல் யாடோ என்ற கலைஞர் உறைவிடத்தில் தங்க இடம் கிடைத்தது. அங்கே பழக்கமான கவிஞர் ராபர்ட் லோவல், ஹார்கோர்ட் பதிப்பகத்தில் இருந்த ராபர்ட் ஜிரூவிடம் அவரை அறிமுகப்படுத்தினார். பரிசு கொடுத்த பதிப்பகத்தின் ஆசிரியர் நாவலை வழக்கமான வடிவத்துக்குத் திருத்தச் சொன்னபோது, தான் வழக்கமான நாவல் எழுதவில்லை என்று ஓ'கானர் பதில் எழுதி விலகினார். நாவல் 1952இல் ஹார்கோர்ட் வெளியீடாக வந்தது. ஒன்றைப் பிடித்து ஒன்றாக நீளும் இந்தச் சங்கிலியைக் கவனியுங்கள். அயோவா இல்லையென்றால் பரிசு இல்லை, யாடோ இல்லை, லோவல் இல்லை, ஜிரூ இல்லை. ஊருக்குத் திரும்பித் தாயின் பண்ணையில் நோயோடு வாழ்ந்து முப்பத்தொன்பது வயதில் மறைந்த அந்தப் பெண்ணுக்கு, அத்தனை கதவும் அந்தச் சில ஆண்டுகளுக்குள்தான் திறந்தன.

ஆனால் திருத்தச் சொன்னபோது மறுக்கிற துணிவை அயோவா கொடுத்ததாக நான் நினைக்கவில்லை. அது ஜார்ஜியாவிலிருந்து வந்தது. பல்கலைக்கழகங்கள் எழுத்தாளர்களை நசுக்கிவிடுகின்றனவா என்று பிற்காலத்தில் கேட்டவர்களிடம், போதுமான அளவு பேரை நசுக்கவில்லை என்பதுதான் தன் குறை என்று அவர் சொன்னார். மட்டமாக எழுதுபவர்களைப் பற்றிய அவருடைய பொறுமையின் அளவு அவ்வளவுதான்.

கேள்வி: வெள்ளையர் அல்லாதவர்களுக்கு அந்த வகுப்பறை எப்படி இருந்தது? (ஆய்வு மாணவர், புதுச்சேரி)

பதில்: சான்ட்ரா சிஸ்னெரோஸ் இதை எல்லாரையும்விடத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சிகாகோவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில், வாடகை வீடுகளில் வளர்ந்தவர். அயோவாவில் படித்தபோது ஒரு கருத்தரங்க வகுப்பில், பிரெஞ்சுத் தத்துவவாதி காஸ்டன் பாஷ்லாரின் நூலை வைத்துக்கொண்டு, வீடு என்ற படிமத்தைப் பற்றிப் பேசினார்கள். மாடியறை, நிலவறை, இளமைக்கால வீட்டின் மூலை முடுக்கு என்று சக மாணவர்கள் இயல்பாகப் பேசிக்கொண்டு போனபோது, அப்படி ஒரு வீடே தன் நினைவில் இல்லை என்பதும், எலி ஓடும் வீடுகளைப் பற்றி இந்த அறையில் யாருக்கும் தெரியாது என்பதும் அவருக்கு உறைத்தது. அவமானம் முதலில் வந்தது, கோபம் பிறகு வந்தது. மற்றவர்களால் எழுத முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்ற தெளிவு அதற்குப் பிறகு வந்தது. மாங்கோ தெரு வீட்டைப் பற்றிய அவருடைய நூல் 1984இல் ஹூஸ்டனில் இருந்த ஒரு சிறு பதிப்பகத்தின் வழியாக வந்து, இன்று அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. அயோவாவால் அல்ல, அயோவாவையும் மீறியே எழுத்தாளரானதாக அவர் சொல்லிக்கொள்வது வழக்கம். 1978இல் அவரோடு பட்டம் பெற்ற ஜாய் ஹார்ஜோ, 2019இல் அமெரிக்காவின் அரசவைக் கவிஞரான முதல் பூர்வகுடிப் பெண்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1995இல் பட்டம் பெற்ற டியாஸ், தன் காலத்து வகுப்பறை எவ்வளவு வெண்மையாக இருந்தது என்று 2014இல் ஒரு கட்டுரையில் கொதித்து எழுதினார். அவர் அதற்கு முன்பே, 1999இல், வெள்ளையர் அல்லாத எழுத்தாளர்களுக்கென்று வேறொரு பட்டறையை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கியிருந்தார். பட்டறை என்ற முறையையே அவர்கள் விட்டுவிடவில்லை, மேசையைச் சுற்றி யார் உட்காருவது என்பதை மாற்றினார்கள்.

கேள்வி: அமெரிக்க எழுத்தாளர்களின் நூல்களில் பின்னட்டையைத் திருப்பினால் பாதிப் பேர் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள். ஏன் இப்படி? (பதிப்பகப் பணியாளர், மதுரை)

பதில்: எம்.எஃப்.ஏ. அந்தத் துறையில் உச்சப் பட்டமாகக் கருதப்படுகிறது. முனைவர் பட்டம் இல்லாமலே அதை வைத்துக் கல்லூரி ஆசிரியராகலாம். பட்டம் எழுத்தாளராக்குகிறதோ இல்லையோ, ஆசிரியராவதற்குத் தகுதி கொடுத்துவிடுகிறது. புத்தகத்தின் உரிமைத்தொகையில் குடும்பம் நடத்துவது அமெரிக்காவிலும் மிகச் சிலருக்கே வாய்க்கிறது என்பதால், எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுக்கும் புரவலர் இடத்தைப் பல்கலைக்கழகம் பிடித்துக்கொண்டது. ஆனால் பட்டம் பெறுபவர்கள் ஆண்டுக்காண்டு பெருக, நிரந்தர இடங்கள் பெருகவில்லை. விளம்பரங்கள் இப்போது பட்டத்தோடு வெளியான நூலையும் கேட்கின்றன. மீதிப் பேர் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்ற தொகுப்பூதியத்தில், இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு நடுவே காரில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நம் கௌரவ விரிவுரையாளர்களுக்கு இந்த வாழ்க்கையை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டின் நன்மை தீமை இரண்டையும் ஒரே ஆளில் பார்க்க வேண்டுமானால் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வரைப் பார்க்கலாம். மர ஆலைத் தொழிலாளியின் மகன்; இருபது வயதுக்குள் இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். கலிஃபோர்னியாவின் சிக்கோ கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்த ஜான் கார்ட்னர், வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை என்று அறிந்து, வார இறுதிகளில் எழுதுவதற்காகத் தன் அலுவலக அறையின் சாவியைக் கொடுத்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் திருத்திக் காட்டியதும் அவர்தான். 1963இல் அயோவாவில் சேர்ந்த கார்வர், குடும்ப நெருக்கடியில் ஓராண்டில் பட்டம் பெறாமலே திரும்பி, மருத்துவமனையில் இரவு நேரத் துப்புரவுப் பணி செய்தார். பத்தாண்டு கழித்து, 1973இல், அதே அயோவா அவரை ஆசிரியராக அழைத்தது; கதைகள் அச்சாகியிருந்ததால் பட்டத்தை யாரும் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் தானும் உடன் கற்பித்த ஜான் சீவரும் குடித்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை, தட்டச்சுப் பொறியின் உறையைக்கூடக் கழற்றவில்லை என்று பிற்காலத்தில் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். 1977இல் குடியை விட்டார். 1980 முதல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நிரந்தர ஆசிரியர். 1983இல் அவருக்கு ஆண்டுக்கு 35,000 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு ஓர் உதவித்தொகை கிடைத்தது. அதற்கு ஒரே நிபந்தனை, வேறு வேலை எதுவும் பார்க்கக் கூடாது என்பது. கார்வர் தயங்காமல் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார்.

கேள்வி: அசோகமித்திரன் அயோவாவில் படித்தவர் என்கிறார்களே? தமிழர்களில் வேறு யார் இந்தப் பட்டம் பெற்றிருக்கிறார்கள்? (கொழும்பு)

பதில்: இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1973இல் அசோகமித்திரன் சென்றது, பால் எங்கிளும் சீன எழுத்தாளர் நியே ஹுவாலிங்கும் 1967இல் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சர்வதேச எழுத்துத் திட்டத்துக்கு. அது ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கும் பிறநாட்டு எழுத்தாளர்களை அழைத்துச் சில மாதம் தங்கவைக்கும் ஏற்பாடு. அங்கே வகுப்பும் இல்லை, பட்டமும் இல்லை. அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய நாவலுக்கு ‘ஒற்றன்’ என்று பெயர் வைத்தார். அந்தத் திட்டத்தின் தொடக்கக் காலத்தில் எங்கிள் திரட்டிய பணத்தில் ஒரு பகுதி, சி.ஐ.ஏ.யின் முகமூடியாக இயங்கிய ஓர் அறக்கட்டளையிலிருந்து வந்தது என்பதை எரிக் பென்னட் என்ற ஆய்வாளர் பின்னாளில் எழுதினார். அதைப் படித்த பிறகு நாவலின் தலைப்பைப் பார்த்தால், ஆசிரியர் நினைக்காத ஒரு சிரிப்பும் நமக்கு வரும்.

பட்டம் பெற்றவர்களில் உங்களுக்கு மிக நெருக்கமானவர் வி.வி. கணேசானந்தன். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்து, அயோவா பட்டறையில் 2005இல் எம்.எஃப்.ஏ. பெற்றார். எண்பதுகளின் யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படிக்கும் ஒரு பெண்ணின் கதையாக அவர் எழுதிய இரண்டாவது நாவல், மாணவியாக இருந்த காலத்தில் தொடங்கி, ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு 2023இல் வெளிவந்து, 2024இல் பெண் எழுத்தாளர்களின் புனைகதைக்கான பிரிட்டனின் விமென்ஸ் பரிசைப் பெற்றது. அவர் இப்போது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதே படிப்பில் ஆசிரியர். இரண்டாண்டுப் படிப்பு எவ்வளவு சிறிய பகுதி என்பதற்கு அந்த இருபது ஆண்டே கணக்கு. ஆனால் அந்த இருபது ஆண்டும் அவரை எழுத்தோடு கட்டிவைத்த வேலை அந்தப் படிப்பிலிருந்து வந்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இலங்கைத் தமிழ் நாவலாசிரியர் அனுக் அருட்பிரகாசத்தையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. அவர் கொலம்பியாவில் பெற்றது தத்துவத்தில் முனைவர் பட்டம்.

கேள்வி: இதை நம் பல்கலைக்கழகங்களில் தொடங்கலாமா? (சேலம்)

பதில்: அமெரிக்காவில் கல்லூரிக்குள் நுழையும் மாணவர் ஏறக்குறைய அனைவரும் முதலாண்டில் கட்டுரை எழுதும் பாடம் படித்தாக வேண்டும். அதைக் கற்பிக்கும் வேலையில்தான் எம்.எஃப்.ஏ. மாணவர்களில் பலருக்கு உதவித்தொகை வருகிறது. அந்தத் தூண் இல்லாமல் மேல்மாடியை மட்டும் கட்டினால் சான்றிதழ்தான் மிஞ்சும்.

கேள்வி: என் மகளுக்கு ஆங்கிலத்தில் எழுதும் திறமை இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தாவது அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? (ஒரு தாய், கோலாலம்பூர்)

பதில்: அம்மா, கடன் வாங்கி அனுப்பாதீர்கள். கல்விக் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்து, கற்பிக்கும் வேலைக்கு மாதச் சம்பளமும் கொடுக்கும் இடங்கள் பல இருக்கின்றன. டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டினில் உள்ள மிச்னர் மையம் மூன்றாண்டும் மாணவரின் செலவை ஏற்கிறது. நியூயார்க் போன்ற நகரங்களில், ஆண்டுக் கட்டணமே பல்லாயிரம் டாலராக இருக்கும் படிப்புகளும் உண்டு. அங்கே பதிப்பகங்களும் இலக்கிய முகவர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லித்தான் அந்தக் கட்டணத்தை நியாயப்படுத்துவார்கள். முகவர்கள் அயோவாவுக்கும் வருகிறார்கள். பொறியியல் பட்டத்துக்கு வாங்கிய கடனைச் சம்பளத்தில் அடைக்கலாம். கதைத் தொகுப்பின் முன்பணத்தில் அடைப்பது நடக்காத காரியம்.

வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதி ஓராண்டுக்குத்தான். அறிவியல், கணினி மாணவர்களுக்குக் கிடைக்கும் நீட்டிப்பு இந்தப் பட்டத்துக்கு இல்லை. வேலையை விடாமல், வீட்டிலிருந்தே எழுதி அனுப்பி, ஆண்டுக்கு இருமுறை மட்டும் பத்து நாளளவு நேரில் போய்த் தங்கும் வகைப் படிப்பும் உண்டு. 1976இல் கவிஞர் எலன் பிரயன்ட் வாய்ட் காடார்ட் கல்லூரியில் தொடங்கிய முறை இது. குழந்தைகளை வளர்த்துக்கொண்டு எழுதிய பெண்கள் பலருக்கு அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் அதிலும் உதவித்தொகை குறைவு.

கேள்வி: விண்ணப்பத்தில் எதைப் பார்க்கிறார்கள்? (பொறியாளர், ஓசூர்)

பதில்: அனுப்பும் எழுத்தைத்தான். இருபது முப்பது பக்கக் கதை. அல்லது பத்துப் பக்க அளவில் கவிதை. இளங்கலையில் என்ன படித்தீர்கள் என்பது பெரிதில்லை. யீயுன் லீ பெய்ஜிங்கிலிருந்து அயோவாவுக்கு வந்தது நோய் எதிர்ப்பியல் ஆராய்ச்சிக்கு. மதிப்பெண் பட்டியலும் பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள், ஆனால் கதை பிடிக்காவிட்டால் அவற்றைப் புரட்ட மாட்டார்கள். அயோவாவில் புனைகதைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து இடங்கள். விண்ணப்பங்களோ ஆயிரத்துக்கு மேல். நண்பர்களுக்குப் பிடித்த கதையை அனுப்புவதா, உங்களுக்கே சற்றுப் பயமாக இருக்கும் கதையை அனுப்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள், இரண்டாவதை அனுப்புங்கள். கடைசித் தேதி பெரும்பாலான இடங்களில் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவுக்குள் வருகிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு என்பதால் ஆறு ஏழு இடங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.